தடைக்காலத்தில் மீனவர் ஊருக்குப் போகிறீர்களா? எந்தப் படகு நிற்கிறது, எது போகிறது, ஏன்?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று ஒரே செய்தி வரும்: மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது, மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை. அதை ஒட்டியே கோடை விடுமுறையும் வந்துவிடும். ராமேசுவரம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி, கன்னியாகுமரி என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். போய்ப் பார்த்தால் செய்தியும் கண்ணில் படுவதும் ஒத்துப்போவதில்லை. துறைமுகத்தில் பெரிய படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கின்றன. கொஞ்ச தூரம் தள்ளி, மணலில், விடியற்காலையிலேயே சின்னப் படகுகள் மீனோடு கரையேறுகின்றன. ஏலம் நடக்கிறது. யாரும் தடுக்கவில்லை. சந்தைக்குப் போனால் இறாலும் கணவாயும்கூடக் கிடைக்கின்றன.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குழப்பம் இரட்டிப்பு. மே மாதம் சின்னமுட்டம் துறைமுகம் அமைதியாகக் கிடக்கும். அதே மாவட்டத்தின் குளச்சலில் விசைப்படகுகள் மும்முரமாகத் தொழில் செய்யும். ஜூலையில் போனால் எல்லாம் தலைகீழ்.

அப்படியானால் தடை பேருக்குத்தானா? இல்லை. அது உண்மையாகவே அமலில் இருக்கிறது. ஆனால் அது எதை நிறுத்துகிறது, எதை விட்டுவிடுகிறது என்பது தலைப்புச் செய்தியில் வருவதில்லை.

கடல் மூடப்படுவதில்லை, ஒரு வகைப் படகு நிறுத்தப்படுகிறது

முதலில் படகுகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டுக் கரையில் கண்ணில் படுபவை பெரும்பாலும் மூன்று வகை.

1. விசைப்படகு. மரத்தாலோ இரும்பாலோ கட்டியது. எஞ்சின் படகின் உள்ளே இருக்கும். மேலே ஒரு சிறிய அறை, அதில் சுக்கான். கீழே ஐஸ் போட்டு மீன் வைக்கும் கிடங்கு. ஆழமான தண்ணீர் வேண்டும் என்பதால் துறைமுகத்திலோ படகுத்துறையிலோதான் நிற்கும். முகப்பில் 'ஐஎன்டி டிஎன்' என்று தொடங்கும் பதிவு எண் எழுதியிருப்பார்கள்.

2. ஃபைபர் படகும் வள்ளமும். ஃபைபர் படகு என்றால் 25 முதல் 32 அடி நீளம். பின்பக்கம் மாட்டும் வெளி எஞ்சின், பெரும்பாலும் 10 குதிரைத்திறன் அளவில். மணலில் இருந்தே அலைக்குள் தள்ளிவிடலாம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக இவை ஏராளமாகக் கொடுக்கப்பட்டன. இன்று பல ஊர்களின் மணலை நிறைத்திருப்பவை இவைதான்.

3. கட்டுமரம். கயிற்றால் பிணைத்த மரத்துண்டுகள். தொழில் முடிந்ததும் அவிழ்த்துக் காயவைப்பார்கள். அலை மேலே ஏறினாலும் தண்ணீர் தேங்க இடமில்லை, மூழ்காது. சுனாமிக்கு முன்பு கரையை ஆண்ட இது, இப்போது அருகிவிட்டது.

தடை முதல் வகைக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் அரசின் கணக்கில் நாட்டுப்படகுகள். அவற்றுக்கு இந்த 61 நாள் தடை கிடையாது. எண்ணிக்கையில் விசைப்படகுகளைவிட நாட்டுப்படகுகள் பல மடங்கு அதிகம். ஆகவே தடைக்காலத்திலும் தமிழ்நாட்டின் பெரும்பாலான படகுகள் கடலுக்குப் போகலாம், போகின்றன. பிடிக்கும் திறனில் பெரிய பங்கை வைத்திருக்கும் சிறுபான்மைதான் கரையில் நிற்கிறது.

"மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை" என்ற வாக்கியத்தில் "விசைப்படகு" என்ற ஒரு சொல்லை விட்டுவிடுவதால் வரும் வினை இது. ஆண்டுதோறும் விடுகிறார்கள்.

தேதிகள்: இரண்டு கரை, இரண்டு காலம்

கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். கேரளம் தன் கடலோரப் பகுதியில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் என்று தனியாக வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இது 2001-இல் தொடங்கியபோது 45 நாள்தான். மே 29-உடன் முடிந்துவிடும். 2017 முதல் 61 நாளானது. இடையில் ஒரு விதிவிலக்கு உண்டு. 2020-இல் கொரோனா ஊரடங்கால் படகுகள் ஏற்கெனவே நின்றுபோயிருந்ததால், அந்த ஆண்டு மட்டும் இரு கரைகளிலும் தடையை 47 நாளாகக் குறைத்தார்கள்.

கன்னியாகுமரியின் புதிர் இங்கே அவிழ்கிறது. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருகிறது. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டினம் மூன்றும் மேற்குக் கரைக் கணக்கு. ஒரே மாவட்டத்தில் தடைகள் அடுத்தடுத்து வந்து, ஜூன் 1 முதல் 14 வரை மட்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. அந்த இரண்டு வாரம்தான் மாவட்டம் முழுக்க எல்லா விசைப்படகும் நிற்கும் காலம்.

இனப்பெருக்கக் காலம் என்ற காரணம் எவ்வளவு சரி?

அதிகாரபூர்வமான காரணம் எல்லோருக்கும் தெரிந்தது: மீன்கள் முட்டையிடும் காலம், தொந்தரவு செய்யக் கூடாது. இது பாதி உண்மை என்றே சொல்ல வேண்டும்.

உண்மையான பாதி இழுவை மடியைப் பற்றியது. விசைப்படகுகளில் பெரும்பகுதி இதைத்தான் பயன்படுத்துகிறது. பை போன்ற பெரிய வலை. அதன் வாய் மூடிக்கொள்ளாமல் விரித்துப் பிடிக்க இரு பக்கமும் கனமான பலகைகள். வால்பகுதியில் மீன் சேரும் குறுகிய மடி. படகு மணிக்கு 5 கிலோமீட்டர் அளவில் மெதுவாக இழுத்துப்போக, வலை கடலடியைத் துடைத்துக்கொண்டே வரும். இறால் தேடிப் போட்ட மடியில் குஞ்சு மீன், நண்டு, சிப்பி, கடல்பாசி என்று வழியில் இருந்த எல்லாமே வரும். மடியின் கண்ணி, அதாவது வலைத் துளை, 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று தமிழ்நாட்டு விதி சொல்கிறது. துறைமுகத்தில் மூட்டை மூட்டையாகக் கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போகும் விரல் நீளக் குஞ்சு மீன்களைப் பார்த்தவர்களுக்கு அந்த விதி எவ்வளவு தூரம் மதிக்கப்படுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. வளர்ந்தால் ஒரு கிலோ தேறும் மீனைப் பத்துக் கிராமில் பிடித்துத் தீவனமாக்குவது முட்டையிடும் மீனைப் பிடிப்பதற்குச் சற்றும் குறையாத இழப்பு.

மற்ற பாதி அவ்வளவு உறுதியானதில்லை. குளிர்கடல் மீன்களைப் போல வெப்பமண்டலக் கடலின் மீன்கள் ஒரு குறிப்பிட்ட பருவத்தில் எல்லாம் சேர்ந்து முட்டையிடுவதில்லை. இனத்துக்கு ஒரு காலம். சில இனங்களுக்கு ஆண்டில் இரண்டு உச்சம். சில ஆண்டு முழுக்க. எந்த இரண்டு மாதத்தை எடுத்தாலும் சில இனங்களுக்குப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது. "அக்டோபர், நவம்பரில்தான் எங்கள் மீன் சினையாக இருக்கிறது, தடையை அங்கே மாற்றுங்கள்" என்று மீனவர்கள் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் தேதி பிசகினாலும் தடைக்கு ஒரு நிச்சயமான பலன் உண்டு: ஆண்டின் ஆறில் ஒரு பங்கு நாட்களுக்குக் கடலடி இழுவையிலிருந்து தப்புகிறது. அந்த 61 நாளில் குஞ்சுகள் கொஞ்சம் வளர்கின்றன. ஜூன் 15-க்குப் பிறகு முதல் சில நாட்களில் படகுகளுக்கு மீன்பாடு நன்றாக இருப்பதும் அதனால்தான்.

சட்டம் உண்மையில் தீர்க்க வந்த சண்டை

சின்னப் படகுகளை ஏன் விட்டுவைத்தார்கள் என்பதற்கு மீனின் முட்டையில் விடை இல்லை. நாட்டுப்படகு வலையிலும் சினை மீன் விழத்தான் செய்கிறது. விடை கொஞ்சம் பழைய கதையில் இருக்கிறது.

1950-களின் தொடக்கத்தில் கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் நார்வே நாட்டின் உதவியோடு ஒரு திட்டம் தொடங்கியது. விசைப்படகும் ஐஸும் அதன் வழியே இந்தத் தொழிலுக்குள் பரவின. 1960-களில் இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கவே, இழுவை மடிப் படகுகள் பெருகின. இறால் கிடைப்பது கரையோர ஆழமற்ற கடலில். கட்டுமரமும் வள்ளமும் வலை விரிப்பதும் அங்கேதான். மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும்படி இரவில் விரித்து வைத்த செவுள் வலையை இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போகும். ஒரு குடும்பத்தின் மொத்த முதலீடும் போய்விடும். 1970-களில் கோவா, கேரளம், தமிழ்நாடு எங்கும் கடலிலும் கரையிலும் மோதல். படகுகள் எரிக்கப்பட்டன, உயிர்களும் போயின. மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்ட வரைவைத் தந்தது. கேரளம் 1980-இலும் தமிழ்நாடு 1983-இலும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றின.

அந்தச் சட்டத்தின் அடிநாதம் இரண்டு படகுகளையும் ஒன்றன் பாதையிலிருந்து மற்றதை விலக்கி வைப்பது. அதை நான்கு விதமாகச் செய்திருக்கிறார்கள்.

1. இடத்தால்: கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர், நாட்டுப்படகுக்கு. விசைப்படகு அதற்கு அப்பால்தான் வலை போடலாம்.

2. நேரத்தால்: காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் விசைப்படகு திரும்பிவிட வேண்டும். தூத்துக்குடியில் இந்தப் பழக்கம் வலுவாக இருக்கிறது. வேறு சில துறைமுகங்களில் நாட்கணக்கில் தங்கித் தொழில் செய்துவிட்டு வருகிறார்கள்.

3. கிழமையால்: பாக் நீரிணைப் பகுதி குறுகியது, ஆழம் குறைந்தது. 3 கடல் மைல் விட்டுக்கொடுத்தால் மிச்சம் இருப்பதே கொஞ்சம்தான். அதற்கப்பால் இலங்கை எல்லைக் கோடு. ஆகவே ராமேசுவரம், மண்டபம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பகுதிகளில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு. ராமேசுவரத்தில் விசைப்படகு நாட்கள் திங்கள், புதன், சனி. செவ்வாய்க்கிழமை அங்கே போய் "என்ன, வேலைநிறுத்தமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

4. மாதத்தால்: நாம் பேசிக்கொண்டிருக்கும் தடைக்காலம்.

இப்படி வரிசைப்படுத்திப் பார்த்தால் தடைக்காலம் தனியான ஓர் இயற்கைப் பாதுகாப்புத் திட்டமாகத் தெரியாது. ஒரே கடலை இரண்டு தரப்புக்குப் பங்கிடும் ஏற்பாட்டின் கடைசிக் கண்ணியாகத் தெரியும். ஆண்டில் 61 நாள் கரையோரம் முழுக்கச் சின்னப் படகுக்கு. வலை அறுபடும் பயமில்லாமல் இரவில் விரித்து வைத்துவிட்டு வரலாம். மீனுக்கும் போட்டி குறைவு. தடைக்காலம் நாட்டுப்படகுக்காரர்களின் நல்ல பருவம் என்று ஊரில் சொல்வது இதனால்தான்.

மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலைப் பிரச்சினையும் இதே வார்ப்புதான். தமிழ்நாடு தடை செய்த அந்த வலையை, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்தது. இடம், கிழமை, நேரம் மூன்றும் ஒரே உத்தரவில்.

அந்த மாதங்களில் ஊரில் என்ன பார்க்கலாம்

துறைமுகம் தூங்குவதுபோல் தெரிந்தாலும் அங்கே வேலை நடக்கிறது. ஆண்டில் படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கக் கிடைக்கும் ஒரே நீண்ட இடைவெளி இது. மரப் படகின் பலகை இடுக்குகளில் பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்து, புதுப் பஞ்சை உளியால் இறுக்கி அடித்துச் செலுத்துவார்கள். உளி விழும் சத்தம் காலை முழுக்கக் கேட்கும். பிறகு மேலே பூச்சு, வர்ணம், பதிவு எண்ணைத் திரும்ப எழுதுதல். எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். மீன்வளத் துறை அதிகாரிகள் படகுகளை ஆய்வு செய்வதும் இந்த நாட்களில்தான். வெளிமாநிலத் தொழிலாளிகள் ஊருக்குப் போயிருப்பார்கள். ஐஸ் ஆலைகள் பாதி ஓடும்.

கூட்டமும் சத்தமும் மணலில். ஃபைபர் படகுகள் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, விடிந்த சற்று நேரத்தில் திரும்பிவிடும். காரணம் காற்று. இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்வதால் கரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும், தண்ணீர் அமைதியாக இருக்கும். வெயில் ஏறியதும் திசை மாறிக் கடல்காற்று எழும்பும். அதற்குள் கரை சேர்ந்துவிட வேண்டும். பாய் கட்டிய காலத்தில் போக ஒரு காற்று, வர ஒரு காற்று என்று இதை நம்பியே தொழில் நடந்தது. எஞ்சின் வந்த பிறகும் நேரம் மாறவில்லை.

படகு மணலைத் தொட்டதும் வலையிலிருந்து மீனைக் கழற்றிக் குவியலாகக் கொட்டுகிறார்கள். ஏலம் கூறுபவர் ஒரு தொகையில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போவார். அவர் நிறுத்தும் வேகத்தில் புதியவர்களுக்கு யார் எடுத்தார் என்றே புரியாது. இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் ஏமாற்றம் இருக்காது. ஒன்று, ஏலம் குவியலுக்கு. "எனக்கு ஒரு கிலோ" என்று நடுவில் நுழைய முடியாது. ஏலம் எடுத்த பெண்கள் பக்கத்திலேயே கூறு போட்டு விற்பார்கள், அவர்களிடம் வாங்கலாம். இரண்டு, படகுக்காரர் தன் மீனை நினைத்தவருக்குக் கொடுக்கும் நிலையில் எப்போதும் இருப்பதில்லை. வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். மீன் அவர் வழியாகத்தான் போக வேண்டும், அதில் கமிஷனும் பிடித்துக்கொள்வார்கள். நேராகப் படகில் வாங்கினால் மலிவு என்ற கணக்கு பல நேரம் தப்பாவது இங்கேதான்.

இன்னொன்று: "படகில் ஒரு சுற்று கூட்டிப்போங்கள்" என்று கேட்பது. மீன்பிடிப் படகின் உரிமம் பயணிகளை ஏற்றுவதற்கானதல்ல. விபத்து நேர்ந்தால் மாட்டிக்கொள்வது படகுக்காரர்.

சந்தையில் இருக்கும் மீன் எங்கிருந்து வருகிறது?

கிழக்குக் கரை விசைப்படகுகள் நிற்கும் ஏப்ரல், மே மாதங்களில் மேற்குக் கரை திறந்திருக்கிறது. கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரியில் ஐஸ் போட்டு மீன் வருகிறது. ஜூலையில் ஓட்டம் எதிர்த்திசையில். இதோடு குளிரூட்டிச் சேமித்தது, பண்ணை இறால் எல்லாம் சேரும். ஆகவே மே மாதம் கிழக்குக் கடற்கரை ஊர் ஒன்றில் பெரிய உணவகத்தில் கணவாய் கேட்டால் மாநிலம் தாண்டி வந்ததைச் சாப்பிட வாய்ப்பு அதிகம். மணலில் கூறு போட்ட நெத்திலியும் மத்தியும் கானாங்கெளுத்தியும் அன்று விடியற்காலை பிடித்தவை. புதிதாக வேண்டும் என்றால் எதைக் கேட்க வேண்டும் என்பது இதிலிருந்தே புரியும். மொத்த வரத்து குறைவதால் விலை ஏறித்தான் இருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் கடல் இருக்கிறது என்பதற்காகக் குறையாது.

நிவாரணம் யாருக்கு எட்டுகிறது?

தடைக்கால நிவாரணத்தைக் குடும்பத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாகத் தமிழ்நாடு அரசு 2023 ஆகஸ்டில் அறிவித்தது. 61 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 131 ரூபாய். விசைப்படகில் கூலியாள் என்று யாரும் மாதச் சம்பளம் வாங்குவதில்லை. டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில் பங்குதான். படகு நின்றால் பங்கு இல்லை. பலர் அந்த இரண்டு மாதம் ஃபைபர் படகில் ஏறுகிறார்கள், அல்லது கட்டட வேலைக்குப் போகிறார்கள்.

கணக்கில் வராதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். துறைமுகத்தில் இறால் தரம் பிரிக்கும் பெண்கள், பெட்டி தூக்குபவர்கள், ஐஸ் உடைப்பவர்கள். இவர்களில் மீனவர் குடும்பத்தைச் சேராதவர்களுக்கு நிவாரணப் பட்டியலில் இடமில்லை. தடையின் செலவைச் சுமப்பவர்களில் குரல் எழாத தரப்பு இதுதான்.

ஜூன் 15-உம் தேதியை மாற்றும் பேச்சும்

தடை முடிந்ததும் மீன்வளத் துறையிடம் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு எல்லா விசைப்படகும் ஒரே நேரத்தில் பாய்கின்றன. முதல் சில நாள் துறைமுகம் மீனால் நிறைகிறது, விலை விழுகிறது. இரண்டு மாதமாகச் செலவு செய்து படகைச் சீர்படுத்தியவர்களுக்கு இந்த விலை வீழ்ச்சி பெரிய ஆத்திரம். 61 நாள் சேர்ந்த மீனை முதலில் பிடிப்பவருக்கே லாபம் என்பதால் எல்லோருமே பெரிய எஞ்சினுக்கு ஆசைப்படுகிறார்கள். நாட்களைக் குறைத்த தடை படகுகளின் எண்ணிக்கையையும் எஞ்சின் வலுவையும் தொடவில்லை. அதன் பெரிய ஓட்டை அது.

தடையை ஆண்டின் கடைசி மாதங்களுக்கு மாற்றும் கோரிக்கையில் உயிரியல் நியாயம் ஓரளவு இருக்கலாம். ஆனால் தமிழ்நாடு தனியாக அதைச் செய்ய முடியாது. ஆந்திரம், ஒடிசா, மேற்கு வங்கம் உட்பட கிழக்குக் கரை முழுக்க ஒரே தேதிகள். ஒரு மாநிலம் மட்டும் திறந்திருந்தால் அண்டை மாநிலப் படகுகளோடும் சண்டை மூளும். அதைவிட முக்கியமான இடைஞ்சல் ஒன்று உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் ஃபைபர் படகுகளும் கரையில்தான். அந்த மாதங்களில் விசைப்படகை நிறுத்தினால், அவை விட்டுக்கொடுக்கும் கரையோரக் கடலில் நாட்டுப்படகு வலை விரிக்க முடியாத நாட்களே அதிகம் இருக்கும்.